மூணு நூல் ஓட்டை

படகின் முன்முனையான அணியத்துக்குள் தலையும் இரண்டு தோளும் போய்விட்டால் வெளியே நிற்கிறவர்களுக்கு என் கால்கள் மட்டும்தான் தெரியும். சென்னைக்குத் தெற்கே கோவளம் கரையில் விளையாடும் பையன்கள் அந்தக் காலில் மணலைக் கொட்டுவார்கள். உள்ளே இருந்து திட்டிப் பிரயோஜனமில்லை. குரல் பைபரில் மோதி என் காதுக்கே திரும்பி வரும். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் சாமான், வாயில் போல்ட். அங்கே ஒரு மூணு நூல் ஓட்டை போட வேண்டும். நாற்பது வருஷத்துக்கு மேலான வேலையில் என்னைச் சோதித்த ஓட்டையெல்லாம் இந்த ரகம்தான். மேசைமேல் கிடக்கிற பலகையில் ஓட்டை போட யாருக்கும் தெரியும்.

நூல் கணக்கு பழக்கமில்லாதவர்களுக்காக: எங்கள் தொழிலில் ஓர் இஞ்சுக்கு எட்டு நூல். மூணு நூல் என்றால் ஒன்பதரை மில்லிமீட்டர். சுண்டுவிரல் நுனி நுழையாத அளவு. அவ்வளவு சின்ன ஓட்டைக்கு, அதைப் போடுகிற சாமானின் உடம்பு ஒரு முழ நீளம். அந்த உடம்பு எங்கே நிற்கும், அதன் கைப்பிடி எங்கே திரும்பும் என்பதுதான் இந்த வேலையின் மொத்தத் தலைவலியும்.

தாத்தா படகுத் தச்சர். அப்பா வீட்டு ஆசாரி. நான் ரெண்டும் கெட்டான். காலையில் கரையில் பைபர் படகு, மத்தியானம் கேளம்பாக்கம் பக்கம் ஏதாவது அடுக்குமாடி வீட்டின் சமையலறை அலமாரி. அப்பா ஒரு மூலையைப் பார்த்ததும் அளவு நாடாவை எடுக்கமாட்டார். முஷ்டியை மடக்கி உள்ளே விட்டுப் பார்ப்பார். முஷ்டி திரும்பினால், கைப்பிடியை வட்டமாகச் சுற்றித் துளைக்கிற பிரேஸை எடு என்பார். திரும்பவில்லை என்றால் பேசாமல் உட்கார்ந்து ஒரு பீடி பற்றவைப்பார். அந்தப் பீடி முடிவதற்குள் எந்தச் சாமான் என்று முடிவாகியிருக்கும்.

பெரும்பாலும் அது துரப்பணம்தான்.

துரப்பணத்தைப் பார்த்தவர்கள் இப்போது குறைவு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நடுவில் கெட்டி மரத்தில் கடைந்த தண்டு. கீழ் நுனியில் அலகு. மேல் நுனியில் குடுமி. அது கைக்குள் சுற்றாமல் நிற்கும், தண்டு மட்டும் சுற்றும். எங்கள் வீட்டுத் துரப்பணத்தில் குடுமி ஒரு பாதிக் கொட்டாங்குச்சி, உள்ளே ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். அப்புறம் வில். வில்லின் நாணைத் தண்டில் ஒரு சுற்றுச் சுற்றி, ரம்பம் இழுக்கிற மாதிரி முன்னும் பின்னும் இழுத்தால் தண்டு வலமும் இடமுமாக மாறி மாறிச் சுழலும். இரண்டு பக்கமும் சுழல்வதால் அலகும் இரண்டு பக்கமும் வெட்டியாக வேண்டும். கடையில் விற்கிற பிட் மாதிரி முறுக்கு இருக்காது. வேலின் முனைபோலத் தட்டையாக இருக்கும். தேய்ந்த அரத்தைக் காய்ச்சித் தட்டி அப்பாவே செய்துகொள்வார். ஒரு நூல், அதற்கும் கீழே என்றால் சைக்கிள் போக்ஸ் கம்பியின் நுனியைத் தட்டையாக்கி, கல்லில் தீட்டிக்கொள்வார். மரத்தூள் மாவாக வரும். நேரம் ஆகும்.

வில்லுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பிரேஸின் கைப்பிடி வட்டம் போடும். வட்டத்துக்கு நாலு பக்கமும் இடம் வேண்டும். வில் நேர்கோட்டில் போய்வரும். ஒரு திசையில் நீளமாக இடம் இருந்தால் போதும். சுவரை ஒட்டி, நிலைக்காலை ஒட்டி ஓட்டை போட இதைவிட வசதி கிடையாது. ஆனால் சரியான மூலை, இரண்டு பலகை வந்து முட்டுகிற இடம் என்றால் வில்லும் இடிக்கும். அப்போது அப்பா வில்லைக் கீழே வைத்துவிட்டு வெறும் கயிற்றை எடுப்பார். என்னைப் பார்த்து, “வாடா, மோர் கடை” என்பார்.

தண்டில் கயிறு இரண்டு சுற்று. கயிற்றின் இரண்டு நுனியும் என் கையில். அப்பா கொட்டாங்குச்சியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு மூலையில் குந்துவார். நான் திறந்த பக்கத்தில், ஒரு கை தூரம் தள்ளி உட்கார்ந்து, அம்மா தூணில் மத்தைக் கட்டிக் கடைகிற மாதிரியே வலது, இடது, வலது, இடது என்று இழுப்பேன். தண்டைச் சுற்றி இரண்டு விரல் இடம் இருந்தால் போதும், ஓட்டை இறங்கிவிடும். ஒரே ஒரு கஷ்டம். ஒவ்வொரு இழுப்பும் தண்டையும் சேர்த்து என் பக்கம் இழுக்கும். மோர் மத்துக்குத் தூணில் ஒரு வளையம் இருக்கும். இங்கே அப்பாவின் மணிக்கட்டுதான் வளையம். நான் ஆத்திரமாக இழுத்தால் ஓட்டை வாய் அகன்று முட்டை வடிவத்துக்குப் போய்விடும். “ரெண்டு கையும் ஒரே கனமா வரணும்டா” என்று அவர் சொல்லிச் சொல்லியே என் எட்டாவது, ஒன்பதாவது வயசு முடிந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் எனக்கு இந்த வேலை. கூலி, தேங்காய் எண்ணெய் நாறும் கையோடு ஒரு பன்னும் டீயும்.

தாத்தா காலத்து வேலை இதைவிடக் கடினம் என்று அப்பா சொல்வார். கட்டுமரத்துக்குக் கட்டைகளைக் கயிற்றால் கட்டினால் முடிந்தது, அதில் ஓட்டைக்கு வேலை குறைவு. ஆனால் வெள்ளைக்காரன் மசூலா என்று எழுதிவைத்த தையல் படகு இருக்கிறதே, அது முழுக்க ஓட்டைதான். ஆணி கிடையாது. பலகை விளிம்பில் வரிசையாகத் துளை போட்டு, மூட்டின் மேல் வைக்கோல் வைத்து, தேங்காய் நார்க் கயிற்றால் தைத்து இறுக்குவார்கள். உள்ளே விலா எலும்பு மாதிரிச் சட்டங்களும் இல்லை. அதனால் அலை கரையில் வைத்து அறையும்போது படகு நெளிந்து கொடுக்கும், உடையாது. சென்னையில் 1875-ல் துறைமுக வேலை தொடங்குவதற்கு முன்னால், கப்பல் கரையைவிட்டுத் தள்ளிக் கடலில் நிற்க, ஆளும் மூட்டையும் பெரும்பாலும் இந்தப் படகில்தான் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். கரைவலைக்காரர்களிடம் இந்த ஜாதிப் படகு அதற்கப்புறமும் ரொம்ப காலம் இருந்தது.

யோசித்துப் பாருங்கள்: இரண்டு பக்கப் பலகையும் கூம்பி வந்து சேர்கிற முனையில், உள்ளே கை போகாது. துளை விளிம்புக்கு ரொம்பக் கிட்டே போனால் பலகை பிளக்கும்; தள்ளிப் போனால் தையல் இறுகாது. கடைசி நாலைந்து துளைக்குத் தாத்தா துரப்பணத்தையே தொடமாட்டாராம். கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வைத்து அழுத்துவாராம். சுட்ட ஓட்டை பிளக்காது. நான் இதை ஒருமுறை பிளைவுட்டில் செய்து பார்த்தேன். பசை எரிந்த புகையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. தாத்தாவின் மாம்பலகையில் பசை இல்லை.

அப்பாவுக்கு 1970களில் கொஞ்சம் நிலையான வேலை கிடைத்தது. கோவளத்தில், 1752-ல் கிளைவ் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்த கோட்டை இருந்த மேட்டில், கடலைப் பார்த்தபடி பெரிய ஓட்டல் எழும்பிய காலம் அது. அந்த வருமானத்தில் சேர்த்த காசில்தான் பல வருஷம் கழித்து ஒரு ராட்செட் பிரேஸ் எங்கள் வீட்டுக்கு வந்தது. சென்னை மூர் மார்க்கெட்டில் வாங்கியது. 1985-ல் அந்த மார்க்கெட் எரிவதற்கு இரண்டு வருஷம் முன்னால். நான் கூடப் போயிருந்தேன். பழைய புத்தகக் கடைகளைத் தாண்டி, துருப்பிடித்த இரும்பு குவித்து வைத்திருந்த ஒரு கடையில் அப்பா அதைக் கையில் எடுத்து, கைப்பிடியைக் கால் சுற்றுத் தள்ளி, திரும்ப இழுத்தார். கிரிக், கிரிக், கிரிக் என்றது. அவர் முகத்தில் வந்த சிரிப்பைக் கடைக்காரர் பார்த்துவிட்டார். பேரம் அங்கேயே முடிந்துவிட்டது. முப்பத்தைந்து ரூபாய்க்கு ஒரு பைசா குறைக்கவில்லை.

அந்தக் கிரிக் சத்தத்தில்தான் விஷயம். சாதாரண பிரேஸின் கைப்பிடி பத்து இஞ்சு அகலத்தில் முழு வட்டம் அடிக்க வேண்டும். ராட்செட் இருந்தால் கால் வட்டம் போதும். முன்னால் தள்ளும்போது பிட் திரும்பும். பின்னால் இழுக்கும்போது பிட் அப்படியே நிற்க, கைப்பிடி மட்டும் திரும்பி வரும். சுவர் இடிக்கிற இடம்வரை தள்ளு, இழு, தள்ளு. ஆகர் பிட்டின் நுனியில் ஒரு குட்டித் திருகு இருக்கும். அது மரத்தைக் கடித்து, பிட்டைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். நீங்கள் பலம் கொடுத்து அழுத்த வேண்டாம். நெருக்கடியான இடத்தில் இது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது குப்புறப் படுத்து வேலை செய்தவனுக்குத்தான் தெரியும்.

அதற்கும் எல்லை உண்டு. பிரேஸும் பிட்டும் சேர்ந்தால் ஒன்றே முக்கால் அடி நீளம். அலமாரியின் இரண்டு தட்டுக்கு நடுவே அது நிமிர்ந்து நிற்காது. அதற்காக அப்பா ஒரு மூணு நூல் பிட்டைப் பாதியில் வெட்டி, கேளம்பாக்கத்தில் ஒரு கொல்லரிடம் கொடுத்து, பிரேஸ் வாயில் பிடிக்கிற நாலுபட்டை அடியை மறுபடி அடித்து வாங்கினார். ஒரு நல்ல பிட்டைப் பாழாக்குகிறாரே என்று அம்மா ஒரு வாரம் புலம்பினாள். அந்தக் குட்டை பிட் இன்னும் என் பையில் இருக்கிறது. முறுக்கு பாதி தேய்ந்துவிட்டது.

2004 சுனாமிக்குப் பிறகு கரையின் முகமே மாறியது. உதவியாக வந்து இறங்கியவை பெரும்பாலும் பைபர் படகுகள். மர வேலை அறிந்தவனுக்கு பைபர் ஒரு புது ஜந்து. ஆகர் பிட்டின் திருகு அதில் கடிக்காது, சும்மா சுற்றி மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டு நிற்கும். இரும்புக்குப் போடுகிற முறுக்கு பிட்தான் வேண்டும். தூள் கையில் பட்டால் ராத்திரி முழுக்க அரிக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்தால் இன்னும் அதிகம். முதலில் பச்சைத் தண்ணீரில் கழுவ வேண்டும். கடலுக்குப் போகிற போல்ட் 316 எஃகாக இருக்க வேண்டும், 304 வாங்கினால் சீக்கிரமே தேநீர்க் கறை மாதிரித் துரு எட்டிப் பார்க்கும் என்பதையெல்லாம் நான் படித்ததே அந்த நாட்களில்தான்.

அந்தச் சமயத்தில் செய்த தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒரு படகின் அணியத்துக்குள் நங்கூரக் கயிற்றுக்கு வளையம் மாட்ட வேண்டும். உள்ளே ஒரு மரத்துண்டு பைபரோடு சேர்த்து ஒட்டியிருக்கும். போல்ட் அதில்தான் இறங்க வேண்டும். நான் புதிதாக வாங்கிய டிரில் மெஷின், அதன் மூக்கில் செங்கோணமாகத் திரும்புகிற ஒரு இணைப்பு. மூலைக்கென்றே விற்கிறார்கள் என்ற பெருமை வேறு. கரையில் கரண்ட் இல்லை. பக்கத்து டீக்கடையிலிருந்து வயர் இழுத்து, ஈர மணலில் மேல் பட்டுவிடாமல் இரண்டு இடத்தில் செங்கல் வைத்துத் தூக்கி, உள்ளே போய்ப் படுத்தேன். பொத்தானை அழுத்தினேன். மெஷின் ஓடும்போது கை செவிடாகிவிடும். மரம் முடிந்ததும் பைபர் தொடங்கியதும் எனக்குத் தெரியவில்லை. திடீரென்று எதிரே ஒரு வெள்ளைப் புள்ளி. முதலில் டார்ச் வெளிச்சம் என்று நினைத்தேன். அது சூரியன்.

படகுக்காரர் வெளியே நின்றிருந்தார். பிட்டின் நுனி படகின் விலாவில் எட்டிப் பார்த்ததை அவர்தான் முதலில் கண்டார். கத்தவில்லை.

“இன்னா தம்பி, வளையம் மாட்டச் சொன்னா ஜன்னல் வெச்சிட்ட?”

“சரி பண்ணித் தந்துர்றேண்ணே.”

“அது தந்துருவ. மீனு நிக்குமா?”

இரண்டு பக்கமும் மேல்தோலைத் தேய்த்து, மேட் வெட்டி வைத்து, ரெசினில் ஹார்டனர் கலந்து பூசி, காயவிட்டு, மறுபடி தேய்த்து அந்த ஓட்டையை அடைத்தேன். படகு இரண்டு நாள் கரையிலேயே கிடந்தது. அவருடைய டீசல் செலவு என்று ஒரு தொகையைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டுப் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். வளையத்துக்கான சரியான ஓட்டையை மூன்றாம் நாள் கை டிரில்லில் போட்டேன். கிரைண்டர் சக்கரம் மாதிரி ஒரு பல்சக்கரம், பக்கவாட்டில் ஒரு குட்டிக் கைப்பிடி, முட்டை அடிக்கிற கருவியின் ஜாடை. பிட் மரத்தில் இருக்கும்போது கைப்பிடி வெண்ணெயில் சுற்றுவது போலச் சுற்றும். பைபரைத் தொட்டதும் மணலைக் கடித்த மாதிரி நறநறவென்று விரலுக்கு வரும். வந்ததும் நிறுத்தினேன்.

கல்லில் மணி துளைக்கிறவர்களும் இந்த நறநறப்பை நம்பித்தான் பிழைக்கிறார்கள் போல. குஜராத்தின் காம்பத் ஊரில் பழைய முறையில் வில் துரப்பணத்தின் நுனியில் வைரம் பதித்து, ஒரு பக்கமிருந்து பாதி, மணியைத் திருப்பிப் போட்டு மறுபாதி என்று துளைப்பார்கள். ஒரே பக்கமிருந்து போனால் வெளியே வருமிடத்தில் சில்லு பெயர்ந்துவிடும். மரத்திலும் அதேதான். ஆகரின் குட்டித் திருகு மறுபுறம் குத்திக்கொண்டு எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, அந்தப் பக்கமிருந்து முடித்தால் வாய் சுத்தமாக இருக்கும். மூலையில் அந்தப் பக்கம் போக வழி இருக்காதே என்பீர்கள். அப்போது பின்னால் ஒரு கழிவுக் கட்டையை முட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கும் கை போகாத இடம் என்றால், கடைசி ரெண்டு சுற்றை மூச்சைப் பிடித்துக்கொண்டு போட வேண்டியதுதான்.

மெஷினே வேண்டாம் என்று சொல்ல நான் கிறுக்கன் இல்லை. பன்னிரண்டு வோல்ட் பேட்டரி டிரில் ஒன்று என்னிடம் இருக்கிறது. பத்தில் ஒன்பது ஓட்டையை அதுதான் போடுகிறது, அப்பா இருந்திருந்தால் அவரும் அதைத்தான் எடுத்திருப்பார். மிச்சம் இருக்கிற அந்த ஒன்றுக்காகத்தான் பை இவ்வளவு கனம். பழைய மஹாபலிபுரம் ரோட்டில், படூர், நாவலூர், சிறுசேரி என்று வரிசையாக எழும்பிய மாடி வீடுகளில் அந்த ஒன்று சமையலறைத் தொட்டிக்குக் கீழே இருக்கும். எல்லா வீட்டிலும் ஆர்.ஓ. மெஷின். அதன் கால் இஞ்சுக் குழாயை ஒரு அலமாரியிலிருந்து அடுத்த அலமாரிக்குக் கொண்டுபோக ஒரு மூணு நூல் ஓட்டை. அலமாரி கட்டும்போது யாரும் அதை நினைக்கமாட்டார்கள். கட்டி முடித்து, தொட்டி வைத்து, கழிவுக் குழாய் மாட்டிய பிறகுதான் நினைப்பு வரும். பின் சுவருக்குள் எங்கே தண்ணீர்க் குழாய் புதைந்திருக்கிறது என்று வீட்டுக்காரருக்கும் தெரியாது.

இந்த இடத்துக்கு நான் கண்ட நல்ல சாமான் ஒரு தள்ளு டிரில். பிலடெல்பியாவில் நார்த் பிரதர்ஸ் என்கிற கம்பெனி யாங்கி என்ற பெயரில் செய்தது. 1946-ல் ஸ்டான்லி அந்தக் கம்பெனியை வாங்கிக்கொண்டது. தடித்த பேனா மாதிரி இருக்கும். கைப்பிடியைத் தள்ளினால் உள்ளே இருக்கிற முறுக்குத் தண்டு பிட்டைச் சுழற்றும். விட்டால் ஸ்பிரிங் திருப்பித் தள்ளி, பிட் எதிர்ப்பக்கம் சுழலும். ஒரே கை போதும், இன்னொரு கையால் குழாயை ஒதுக்கிப் பிடித்துக்கொள்ளலாம். அதன் பிட்டைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. முறுக்கு இல்லை, நேராக இருந்தது. போகும்போதும் வரும்போதும் சுற்றுகிற சாமானுக்கு வேறு எப்படி இருக்கும்? அப்பா அரத்தில் தட்டிய அலகின் சித்தப்பா மகன்.

பெரிய ஓட்டைக்கு அது ஆகாது. ஒன்றரை நூல் போட்டுவிட்டு அரத்தால் அகலப்படுத்துவேன்.

அது கிடைத்தது பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில். கோவளத்திலிருந்து பஸ் ஏறி, கேளம்பாக்கம், வண்டலூர் வழியாகத் தாம்பரம்; அங்கிருந்து ரயிலில் பல்லாவரம். புறா விற்கிறவருக்கும் ஓடாத கம்ப்யூட்டர் விற்கிறவருக்கும் நடுவே தார்ப்பாய் விரித்து இரும்பைக் கொட்டி வைத்திருப்பார்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் போய்விட வேண்டும். மாதம் ஒருமுறையாவது போய்விடுவேன். பாதி நாள் வெறும் கையோடுதான் திரும்புவேன். வீட்டில் கேட்டால் ரோஜாச் செடி பார்க்கப் போனேன் என்பேன். அதை யாரும் நம்புவதில்லை.

போன மழைக்காலத்துக்கு முன்னால் அங்கே ஒன்று கிடைத்தது. மூலை பிரேஸ். அமெரிக்காவில் மில்லர்ஸ் ஃபால்ஸ் போன்ற கம்பெனிகள் மூலைக்கென்றே செய்து விற்ற சாமான், படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். நடுவில் சாய்வான இரண்டு பல்சக்கரம். கைப்பிடி வெளியே சாய்ந்து சுற்றும், பிட் சுவரை ஒட்டி நேராக இறங்கும். என் கையில் வந்ததில் எந்தக் கம்பெனிப் பெயரும் இல்லை, தேய்ந்து போயிருந்தது.

“இன்னா சார் அது, காப்பிக் கொட்டை அரைக்கிறதா?” என்றார் கடைக்காரர்.

“தெரியலியே. எவ்ளோ?”

மூர் மார்க்கெட்டில் அப்பா செய்த தப்பை நான் செய்யவில்லை, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன். இருநூறு ரூபாய். ரயிலில் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, சின்னச் சக்கரத்தில் ஒரு பல் இல்லை.

என்னோடு வேலை பார்க்கும் பையன் கோரக்பூர் பக்கத்துக்காரன். துரப்பணத்தைப் பார்த்ததும் “பர்மா!” என்றான். அவன் ஊரில் அதற்கு அதுதான் பெயராம், அவன் தாத்தா வீட்டில் ஒன்று தொங்குகிறதாம். நான் ஒரு நிமிஷம் பர்மா பஜாரை நினைத்துக் குழம்பிவிட்டேன். கயிறு போட்டு இழுக்க அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவே தேவைப்படவில்லை. ஆனால் மூலை பிரேஸ் அவனுக்கும் புதிது. படூரில் ஒரு தொட்டிக்குக் கீழே முதல் தடவை அதை மாட்டினோம். சுற்றச் சுற்ற, ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பல் இல்லாத இடம் வரும்போது பிட் ஒரு கணம் நின்று, டக் என்று குதித்துப் போனது. என்ன கோளாறு என்று கேட்டான். என் இந்திக்கு எட்டியவரை பல்லைத் தொட்டுக் காட்டி, எதிர்வீட்டுப் பாட்டியையும் ஜாடை காட்டி, “பொக்கை” என்றேன்.

கடைசல் பட்டறையில் பித்தளையில் ஒரு பல் வைத்துத் தருகிறேன் என்றார்கள். இன்னும் கொடுக்கவில்லை. ஆகர் பிட் என்றால் அந்த டக்கில் திருகு கடியை விடுவதில்லை, வேலை ஓடுகிறது. அதற்குள் சாமானுக்குப் பெயரும் நிலைத்துவிட்டது. மூலை என்று வந்தால் தொட்டிக்கு அடியில் படுத்தபடியே கையை நீட்டுவேன்.

“பொக்கைய எட்றா.”